கரைமேட்டின் கடைசி நன்றியுரை

கரைமேடு அரசு உயர்நிலைப் பள்ளியில் எந்த விழா நடந்தாலும் நன்றியுரை தில்லைநாயகி டீச்சர்தான். சுதந்திர தினம், சைக்கிள் வழங்கும் விழா, கண் பரிசோதனை முகாம் என்று எதுவானாலும் சரி. வரவேற்புரைக்குத் தமிழய்யா இருக்கிறார். அவர் மைக்கைப் பிடித்தால் பிடுங்குவதற்குத்தான் ஆள் வேண்டும். நன்றியுரைக்கு யார் வருவார்கள்? பாதிக் கூட்டம் எழுந்து போன பிறகு, நாற்காலி மடக்குகிற சத்தத்துக்கு நடுவில், பந்தல்காரர், மைக் செட்காரர், தேநீர் கொடுத்தவர் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு நிற்பது எந்த மகராசனுக்குப் பிடிக்கும்?

தில்லை டீச்சருக்குப் பிடித்தது. அவர் நடத்துவது அறிவியல். ஆனாலும் யாராவது ஒருவர் பெயர் விட்டுப்போனால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. இது தெரிந்தே, அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாராவது துண்டுச் சீட்டை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். அதில் இருக்கிற பெயரை என்ன ஏது என்று பார்க்காமல் வாசித்து, "அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று சேர்த்துவிடுவார். வீட்டில் அவர் கணவருக்கு இது தினசரிக் கேலி. "பால் பாக்கெட்டுக்கு நன்றி சொல்லியாச்சா? மாட்டுக்கு?" என்பார்.

இந்த நன்றியுரைக்குப் போய் ஒரு நாள் சட்டத்தில் இடம் கிடைக்கும் என்று யார் கண்டது!

அரசுப் பள்ளிகளுக்கு அரசே பணம் போட்டு மாளவில்லை என்று மந்திரி ஒருநாள் சொன்னார். அதனால் புதுக் கொள்கை. பெரிய நிறுவனங்கள் பள்ளிகளுக்கு வேண்டியதைச் செய்யலாம். பிறகு ஒரு நாள் அளவீடு நடக்கும். பிள்ளைகள் யாருக்கு மனசார நன்றியோடு இருக்கிறார்களோ அவர் கையில் அந்தப் பள்ளியின் நிர்வாகம், பத்து வருடத்துக்கு. "பணம் போட்டது யாருன்னு கேக்காதீங்க. பிள்ளைங்க மனசுல யார் இருக்காங்கன்னு கேளுங்க. இதைவிட ஜனநாயகம் உண்டா?" என்று கேட்டுவிட்டு மந்திரி கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். கிடைத்தது. கொள்கையை எழுதிக் கொடுத்தது, மனசை அளக்கிற கருவியைச் செய்தது, பள்ளிகளுக்கு உதவ முதல் ஆளாக ஓடிவந்தது எல்லாமே விண்முகில் என்ற ஒரே நிறுவனம். அதை ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் யாரோ கேட்டார்கள். உடனே விளம்பர இடைவேளை விட்டுவிட்டார்கள்.

கரைமேட்டுக்கு விண்முகில் வந்தது கழிப்பறையோடு. பொய் சொல்லக் கூடாது, நல்ல கழிப்பறை. அதற்கு முன்பு பெரிய பெண்கள் அந்த நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை. இப்போது வந்தார்கள். தில்லை டீச்சர் அதை முதல் நாள் திறந்து பார்த்து, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகி, அது கொட்டுவதைப் பார்த்து அழுதே விட்டார். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த நாளுக்கும் பெயர் எழுதின கேக் வந்தது. ஷூ வந்தது. கடைசியாக ஒரு பெட்டி நிறைய, மணிக்கட்டில் கட்டுகிற பட்டைகள் வந்தன, நிரஞ்சனா என்கிற விண்முகில் அதிகாரியோடு.

நிரஞ்சனாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மரியாதையான பெண். ஆசிரியர் அறையில் எல்லோர் கையிலும் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு விளக்கினாள்.

"மூளையில நன்றின்னு தனியா ஒரு இடம் கிடையாது மேடம். ஆனா ஒருத்தர் நம்மள நினைச்சு ஒரு நல்லது செஞ்சாங்கன்னு மனசு நிறையும்போது மூச்சு, நாடி, தோல் சூடு எல்லாம் ஒரு மாதிரி சேர்ந்து மாறும். அப்ப பட்டை பச்சையா எரியும். சும்மா சந்தோஷம்னா மஞ்சள். நடிச்சா ஒண்ணும் எரியாது."

"அது சரிம்மா, இத்தனை விஷயம் இருக்க, நன்றியுரையில வச்சு எதுக்கு அளக்கறீங்க?" என்று கேட்டார் தில்லை டீச்சர்.

நிரஞ்சனா சிரித்தாள். "எங்க ஆய்வுக் குழு தமிழ்நாடு முழுக்கச் சுத்திப் பார்த்துச்சு. எந்த விழாவா இருந்தாலும் முடிவுல ஒருத்தர் எழுந்து வரிசையா பேர் சொல்றாங்க. ஒவ்வொரு பேருக்கும் பிள்ளைங்க மனசு எப்படி இருக்குன்னு தனித்தனியா பிடிக்க இதைவிட வசதி எங்க கிடைக்கும்? சட்டத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க பேச ஆரம்பிச்சதுலேர்ந்து 'நன்றி, வணக்கம்'னு முடிக்கிற வரைக்கும் யார் பேரைச் சொன்னாலும் கணக்குல வரும்."

ஒத்திகை பார்த்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டை கட்டி உட்கார வைத்தார்கள். டீச்சர், "தமிழ்நாடு அரசுக்கு நன்றி" என்றார். ஒரு பட்டையும் எரியவில்லை. பின் வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். "விண்முகில் நிறுவனத்துக்கு நன்றி" என்றார். வகுப்பு முழுக்கப் பச்சை.

"ஆஹா!" என்றார் தலைமையாசிரியர் சிவக்கொழுந்து. நல்ல மனிதர், மேலிடம் என்றால் மட்டும் பயம். "இனிமே விழாக் கூடத்துக் கூரை ஒழுகாது டீச்சர். எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க."

"நன்றி சொல்றது வேற சார். சாவியைக் குடுக்கறது வேற."

"ஐயோ, மெதுவாப் பேசுங்க" என்றார் அவர்.

அன்று சாயந்திரம் ஆய்வகத்தைப் பூட்டும்போது கௌசிகா வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. போன வருடக் கடைசியில்தான் மேலக்குப்பம் பள்ளியிலிருந்து மாறி வந்தவள். மேலக்குப்பம் ஏற்கெனவே விண்முகில் கைக்குப் போன பள்ளி. இந்தப் பெண் ஏன் அங்கிருந்து வந்தாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"டீச்சர், அந்தப் பட்டை நம்ம ஸ்கூலுக்கும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஏண்டி முகம் இப்படி இருக்கு?"

"அங்க சாப்பாட்டுக்கு முன்னாடி தினமும் கட்டிவிடுவாங்க டீச்சர். நெஞ்சுல கை வச்சு விண்முகில் பேரைச் சொல்லணும். பச்சை வந்தாத்தான் சோறு. எல்லாருக்கும் வரும். எனக்கு மட்டும் வராது. திரும்பத் திரும்ப நிக்க வச்சாங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டு முக்கி முக்கிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல."

"அப்புறம்?"

"என்னால ஸ்கூலோட சராசரி இறங்குதுன்னு அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. குடுத்துட்டாங்க."

தில்லை டீச்சர் பூட்டை அப்படியே விட்டார். "உனக்கு ஏம்மா வரல?"

"தெரியல டீச்சர். சோறு போட்டா சாப்பிடுவேன். நல்லாத்தான் இருக்கும். அதுக்கு நெஞ்சு நிறையணும்னா எப்படி?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு கேட்க வந்ததைக் கேட்டாள். "இங்கயும் அவங்க வந்துட்டா நான் எங்க டீச்சர் போறது? அடுத்த ஹைஸ்கூல் ஆத்துக்கு அந்தாண்ட இருக்கு. அம்மா அனுப்பாது. இறால் கம்பெனிக்குப் போன்னுடும்."

"போடி பைத்தியமே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று டீச்சர் அதட்டி அனுப்பினார். அனுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாடத்தில் இந்தப் பெண் கெட்டி. ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது கேள்வி திருப்பிக் கேட்பாள். அவளைப் போய் இறால் உரிக்க அனுப்புவதா, நெஞ்சு பச்சையாக எரியவில்லை என்று?

மறுநாள் வகுப்பில் அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். பிள்ளைகளுக்குப் பழகட்டும் என்று பட்டைகளை ஒரு வாரம் பள்ளியிலேயே விட்டிருந்தார்கள். பாடப்புத்தகம் எங்கிருந்து வருகிறது, பஸ்ஸில் ஏன் டிக்கெட் கேட்பதில்லை, மதியம் முட்டை யார் பணத்தில் வேகிறது, தனக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று எல்லாவற்றையும் விளக்கினார். உங்கள் அப்பா ஒரு சோப்பு வாங்கினால்கூட அதில் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு போகிறது என்றார். பிள்ளைகள் நன்றாகக் கவனித்தார்கள். பட்டைகள்தான் எரியவில்லை.

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அதெல்லாம் நமக்குக் குடுக்க வேண்டியதுதானே டீச்சர்? அதுக்கு எதுக்கு நன்றி?"

சரியான பதில் அது. சரியான பதிலுக்கு மார்க் போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். "உக்காரு" என்றார்.

அதற்கப்புறம்தான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. நன்றியுரையில் விண்முகில் பெயரையே விட்டுவிட்டால்? சொல்லாத பெயர் கணக்கில் வராதே! இத்தனை வருடத்தில் வேண்டுமென்று யார் பெயரையும் அவர் விட்டதில்லை. ஒரே ஒரு தடவை விட்டால் என்ன குடி முழுகிவிடும்? இரண்டு நாள் அந்த யோசனையோடு திண்டாடினார். கழிப்பறைப் பக்கம் போகும்போதெல்லாம் குழாய் கொட்டுகிற சத்தம் கேட்டது. செய்ததைச் செய்யவில்லை என்று சொல்ல நாக்கு வராது என்று தெரிந்துபோயிற்று. "கடவுளே, நீயே பாரு" என்று விட்டுவிட்டார்.

அளவீட்டு நாள் ஐப்பசியில் வந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை வேறு. கடலோரத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு ஐப்பசியின் காலைகள் தெரியும். பிள்ளைகள் பல் தேய்ப்பதற்கு முன்பே போனைப் பிடுங்கி மாவட்ட ஆட்சியர் லீவு விட்டாரா என்று பார்ப்பார்கள். அன்று பக்கத்து மாவட்டங்களுக்கெல்லாம் விடுமுறை. இந்த மாவட்டத்துக்கு இல்லை. பிள்ளைகள் ஏதோ சொத்தில் பங்கு கிடைக்காதவர்கள் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நனைந்து வந்து சேர்ந்தார்கள். வாசலில் டீச்சரைப் பார்த்து, "மத்தியானமாவது லீவா டீச்சர்?" என்று கேட்டார்கள். "மந்திரி வராரு, லீவாம் லீவு" என்றார் டீச்சர்.

மந்திரி வந்தார். விண்முகில் மேலாளர் வந்தார். மூன்று கேமராக்கள் வந்தன. விழாக் கூடத்துத் தகரக் கூரையில் மழை அடிக்கிற அடியில் தமிழய்யாவின் வரவேற்புரை யாருக்கும் கேட்கவில்லை. அதற்காகவும் மழைக்கு நன்றி சொல்லலாம். ஒழுகிய இடங்களில் வாளி வைத்திருந்தார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு நிரஞ்சனா மேடையோரம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையசைத்தாள். "அடுத்ததாக, நன்றியுரை."

ஒருவரும் எழுந்து போகவில்லை. இத்தனை பேர் உட்கார்ந்து கேட்டு தில்லை டீச்சர் நன்றியுரை சொல்வது அதுதான் முதல் தடவை.

மந்திரிக்கு நன்றி சொன்னார். இரண்டு பட்டைகள் மினுங்கின. அவர்கள் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அரசுக்கு நன்றி சொன்னார். ஒன்றுமில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "எங்கள் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்த விண்முகில் நிறுவனத்துக்கு" என்றார். அவர் கையிலிருந்த பட்டையே முதலில் எரிந்தது. அப்புறம் கூடம் முழுக்க, நாற்று நட்ட வயல் மாதிரி, பச்சை. மூன்றாவது வரிசையில் ஓரத்தில் ஒரே ஒரு கை மட்டும் இருட்டாக இருந்தது. கௌசிகா அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

மேலாளர் மந்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனி 'நன்றி, வணக்கம்' சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் முடிந்தது கதை. டீச்சருக்கு அந்த இரண்டு வார்த்தையும் வாயில் வரவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். நன்றி சொல்லிக்கொண்டே போனார். மைக் செட்காரருக்கு, ஜெனரேட்டர்காரருக்கு, வாளி இரவல் கொடுத்த எதிர்வீட்டுக்காரருக்கு, மந்திரியின் ஓட்டுநருக்கு, கேமராக்காரர்களுக்கு, கேமராக்காரர்களுக்குக் குடை பிடித்தவர்களுக்கு. மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் இருமினார். தேநீருக்கு நன்றி, தேநீருக்குப் பால் கறந்தவருக்கு நன்றி. அவர் கணவர் இருந்திருந்தால் மாடும் வந்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

சிவக்கொழுந்து சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போனில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகளை உடனே அனுப்பவும் என்று. இந்த அம்மாளை எப்படி நிறுத்துவது? அந்தத் தகவலை அவசர அவசரமாக ஒரு சீட்டில் கிறுக்கிப் பின்னாலிருந்து நீட்டினார். சீக்கிரம் முடித்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்ற அர்த்தத்தில்தான் நீட்டினார், பாவம்.

தில்லை டீச்சர் கைக்குச் சீட்டு வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு மறந்துவிட்டது. விட்டுப்போன பெயர் என்று நினைத்து டீச்சர் அதே மூச்சில் வாசித்தார்.

"கனமழை காரணமாக இன்று மதியம் முதல் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துள்ள மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்!"

பின் வரிசையில் ஒருவன் புத்தகப் பையைத் தோளில் மாட்டினான்.

பிறகு எழுந்ததே ஒரு கூச்சல்! தகரக் கூரை பெயர்ந்து போயிருக்க வேண்டும். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறினார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். "கலெக்டர் வாழ்க!" என்று யாரோ தொடங்கிவைக்க, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கைகளெல்லாம் மேலே, கைகளிலெல்லாம் பச்சை. விண்முகிலுக்கு எரிந்தது விளக்கு என்றால் இது தீபாவளி. நிரஞ்சனாவின் கணினியில் கோடு மேல் விளிம்பில் முட்டி நின்றுவிட்டது.

மூன்றாவது வரிசையில் கௌசிகா பெஞ்சின் மேல் நின்று கையை உயர்த்தினாள். "டீச்சர்! டீச்சர்! எனக்கும் வந்துடுச்சு டீச்சர்!"

அப்போதுதான் தில்லை டீச்சருக்குத் தான் என்ன வாசித்தோம் என்பது உறைத்தது. அவர் நிரஞ்சனாவைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மேலாளர் பாதி எழுந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நன்றி, வணக்கம்!" என்று டீச்சர் மைக்கில் அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேலாளர் மேடையோரம் ஓடினார். "இது நன்றியே இல்ல. லீவு விட்ட சந்தோஷம். கணக்குல சேர்க்காதே."

"சந்தோஷம்னா மஞ்சள் வரும் சார்" என்றாள் நிரஞ்சனா. கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "இது பச்சை. யாரோ ஒருத்தர் நம்மள நினைச்சாங்கன்னு பிள்ளைங்களுக்கு மனசு நிறைஞ்சிருக்கு. கருவி தப்புன்னா சொல்லுங்க சார், கேமரா முன்னாடி சொல்லிடலாம். அடுத்த மாசம் இதை இன்னும் மூணு மாநிலத்துக்கு விக்கறோம்."

மேலாளர் கேமராக்களைப் பார்த்துக்கொண்டே லாப நஷ்டக் கணக்குப் போட்டார். மந்திரிக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் காற்று என்று அவருக்குத் தெரியும். மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா! எங்கள் ஆட்சியின் அதிகாரி மீது பிள்ளைகளுக்கு எவ்வளவு பாசம்!" என்று அவர் சொன்ன கணத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பள்ளியின் நிர்வாகம் பத்து வருடத்துக்கு மாவட்ட ஆட்சியருக்கு.

பிள்ளைகளை அனுப்பிய பிறகு ஆசிரியர் அறையில் அன்று ஒரே கும்மாளம். சுற்று வட்டாரத் தலைமையாசிரியர்கள் சிவக்கொழுந்து சாருக்குப் போன் போட்டு, அளவீட்டுத் தேதியை மழைக்காலத்துக்கு மாற்றிக்கொள்ள யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தில்லை டீச்சர் மட்டும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார். சந்தோஷம்தான். கௌசிகா இங்கேயே இருப்பாள். ஆனாலும் உள்ளே ஏதோ உறுத்தியது. கேக் கொடுத்து ஜெயிக்கப் பார்த்தார்கள். நாம் லீவு கொடுத்து ஜெயித்தோம். இதில் நியாயம் எங்கே இருக்கிறது? பத்து வருடம் கழித்து அடுத்த அளவீட்டில் மழை பெய்யாவிட்டால்?

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், மாவட்ட ஆட்சியர் மெஹர்பானு முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினார். சிவக்கொழுந்து சார் பொன்னாடை தேடி ஓடினார். ஆட்சியர் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார்.

"பள்ளிக்கூடம் என் பேருக்கு வந்திருக்காமே. எந்தப் பொண்ணு அது, எனக்கும் வந்துடுச்சுன்னு கத்தினது? டி.வி.யில பார்த்தேன்."

கௌசிகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆட்சியர் அவள் பெயரைக் கேட்டார், படிப்பைக் கேட்டார். "என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

கௌசிகா யோசித்தாள். "நாளைக்கு லீவா மேடம்?"

"வெயில் கொளுத்துது, போடி" என்றார் ஆட்சியர். அவள் ஓடிப்போனதும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தில்லை டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தார். "விண்முகில்காரங்க என்னைப் பார்க்க வந்தாங்க டீச்சர். என்ன கேட்டாங்க தெரியுமா? இனிமே மழை லீவை அவங்க செயலியிலதான் முதல்ல அறிவிக்கணுமாம். 'விண்முகில் வழங்கும் மழை விடுமுறை'. மந்திரி ஆபீஸ்லேர்ந்தும் போன் வந்துச்சு, நல்ல யோசனைதானேன்னு."

"அடப்பாவிகளா!" என்று டீச்சருக்கு வாய்விட்டு வந்துவிட்டது. "நீங்க என்ன மேடம் சொன்னீங்க?"

"வானத்துக்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்." அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கே பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். "நானும் இந்த மாதிரிப் பள்ளிக்கூடம்தான் டீச்சர். எங்க வாப்பாவுக்கு மீன் கூடை தூக்கற வேலை. புத்தகம், சோறு, பஸ், ஹாஸ்டல், எல்லாம் அரசாங்கம் குடுத்தது. ஒரு நாள்கூட இதுக்கு யாருக்காவது நன்றி சொல்லணும்னு எனக்குத் தோணல. என் உரிமைன்னு எடுத்துக்கிட்டேன். யார் முன்னாடியும் தலை குனியாமப் படிச்சேன். அதனாலதான் இந்த நாற்காலி வரைக்கும் வர முடிஞ்சுது."

தில்லை டீச்சரும் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆட்சியர் தொடர்ந்தார்.

"இப்ப யோசிச்சா, அப்படித் தோணாமப் பார்த்துக்கிட்டாங்களே, அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் போல இருக்கு. யாருன்னுதான் தெரியல. யாரோ சட்டம் போட்டிருப்பாங்க, யாரோ சண்டை போட்டிருப்பாங்க, உங்கள மாதிரி யாரோ பாடம் நடத்தியிருப்பாங்க. யார் பேரும் எங்க தட்டுல எழுதியிருக்கல."

அங்கேயே உட்கார்ந்து நிர்வாகி என்ற முறையில் அவர் தன் முதல் உத்தரவைச் சொன்னார். பட்டைகளையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும். கழிப்பறை இருக்கட்டும், மேலே இருக்கிற பெயர்ப் பலகை வேண்டாம். இந்தப் பள்ளியில் பிள்ளைகளிடம் யாரும் நன்றி கேட்கவும் கூடாது, அளக்கவும் கூடாது. இனி எந்த விழாவிலும் நன்றியுரை கிடையாது.

"நன்றியுரையேவா மேடம்?" என்று சிவக்கொழுந்து சார் பதறினார். பதறிக்கொண்டே தில்லை டீச்சரைப் பார்த்தார்.

"நன்றியுரையில வச்சுத்தான் அளக்கணும்னு அவங்களே சட்டம் எழுதிட்டாங்க சார். நன்றியுரை இல்லன்னா அளவீடு இல்ல. பத்து வருஷம் கழிச்சும் இல்ல." ஆட்சியர் டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்க வேலையைத்தான் பறிக்கிறேன். கோபமா டீச்சர்?"

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். உறுத்திக்கொண்டிருந்தது என்னவோ அந்த நிமிஷம் கரைந்துபோயிற்று.

தை பிறந்ததும் விழாக் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டு முடித்தார்கள். ஆட்சியர் கேட்டு வாங்கிய அரசுப் பணம். யார் பெயரும் போடவில்லை. திறப்பு விழா என்று சின்னதாக ஒன்று நடந்தது. தமிழய்யா வரவேற்றார், நீளமாக. ஆட்சியர் பேசினார், சுருக்கமாக. கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நன்றியுரை இல்லாமல் ஒரு விழா எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் மேடையைப் பார்த்தார்கள். மேடை பிள்ளைகளைப் பார்த்தது. நாற்காலி மடக்குகிறவர்கள்கூட ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சிவக்கொழுந்து சார் கண்ணைக் காட்ட, தில்லை டீச்சர் பழக்க தோஷத்தில் எழுந்து மைக்குக்குப் போனார். எதிரில் முதல் வரிசையில் மெஹர்பானு. கொஞ்சம் தள்ளி கௌசிகா, பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, உலகத்தில் யாருக்கும் எதற்கும் கடன்படாத முகத்தோடு. எத்தனையோ மேடையில் எத்தனையோ பேருக்கு நெஞ்சார்ந்த நன்றி என்று சொல்லியிருக்கிறார். நெஞ்சு இப்படி ஆர்ந்தது அவருக்குத் தெரிந்து இதுதான் முதல் முறை.

"முடிஞ்சுது பிள்ளைங்களா, சாப்பிடப் போங்க" என்றார்.

பிள்ளைகள் விழுந்தடித்து ஓடினார்கள். கௌசிகா முதல் ஆள். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் மேடையிலிருந்து இறங்கி ஆட்சியரிடம் வந்தார். இரண்டு கையும் தன்னால் ஒன்று சேரப் போயின.

"டீச்சர்" என்று ஆட்சியர் விரலைக் காட்டினார். "உத்தரவு."

"தெரியும் மேடம்." கையைக் கீழே விட்டார். கண்ணில் வந்ததை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஆட்சியரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார்.

"சாப்பிட வாங்க. சூடு ஆறிடும்."